இயந்திரம் படிக்கும், சிகிச்சை தருவது யார்?

தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதன் இரு தகடுகளில் இரு கைவிரல்களையும் வைத்தால் அரை நிமிடத்தில் இதயத்தின் மின்துடிப்பு கைபேசித் திரையில் கோடாக ஓடுகிறது. அடுத்த சில விநாடிகளில் 'இயல்பானது' என்றோ 'மருத்துவரை அணுகவும்' என்றோ தீர்ப்பும் வந்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு இசிஜியைப் படித்துச் சொல்லிவிடும். இனி மருத்துவர் இல்லாத கிராமமும் கவலையின்றி உறங்கலாம் என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. ஒன்றிய அரசின் டிஜிட்டல் சுகாதார முழக்கங்களும் அதே சுருதியில்தான் ஒலிக்கின்றன.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டில் நிகழ்ந்த மரணங்களில் 28.1 சதவீதம் இதய, இரத்தநாள நோய்களால் நேர்ந்தவை என்று மாநில வாரியான நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. 1990இல் இது 15.2 சதவீதமாக இருந்தது. மாரடைப்பு பணக்காரர்களின் நோய் என்று பேசப்பட்ட காலம் போய்விட்டது. கட்டுமானத் தொழிலாளியும் லாரி ஓட்டுநரும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார்கள். ஆகவே இந்தக் கருவிகளை மருத்துவர்களின் விவகாரம் என்று தொழிலாளர் இயக்கம் ஒதுக்கிவிட முடியாது. தொழில்நுட்பத்தைக் கண்டு மிரள்வது தவறு. அதற்குக் கோயில் கட்டுவது அதைவிடத் தவறு. அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கத் தவறுகிறது, பார்த்த பிறகு நோயாளிக்கு என்ன கிடைக்கிறது, அதனால் யார் லாபம் அடைகிறார்கள் என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

பொதுப் பணத்தில் பிறந்த கருவி

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் எய்ந்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இசிஜி கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டனர். நோயாளி தன் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தி உட்கார வேண்டும். இவ்வளவு பெரிய கருவியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. எனவே மருத்துவமனையிலிருந்த நோயாளியின் இதயத்துடிப்பை, ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே 1905இல் அவர் வரவழைத்தார். இன்று புதுமை என்று விற்கப்படும் தொலைமருத்துவத்துக்கு வயது நூற்றிருபது. எய்ந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இசிஜியைக் கணினியைக் கொண்டு படிக்கவைக்கும் முயற்சியும் நேற்றுத் தொடங்கியதல்ல. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நிர்வாகத்தில் ஹியூபர்ட் பிப்பர்கரும், அதைத் தொடர்ந்து அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவையில் சீசர் காசெரெஸும் இதில் முன்னோடிகளாக விளங்கினர். இரண்டும் அரசு அமைப்புகள். 1980இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையும் 47 பேரிடமிருந்து எடுத்த, தலா அரை மணி நேரம் கொண்ட 48 பதிவுகளைத் தொகுத்து ஆய்வாளர்களுக்கு வழங்கின. உலகெங்கும் தானியங்கி முறைகளைச் சோதிக்க அத்தொகுப்பே பல பத்தாண்டுகள் உரைகல்லாக இருந்தது. 1999இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியில் தொடங்கப்பட்ட ஃபிசியோநெட் என்ற பொதுத் தரவகம் அதை எவரும் எடுத்துப் பயன்படுத்த வழிசெய்தது.

பொதுப் பணமும், பொது மருத்துவமனைகளின் உழைப்பும், நோயாளிகளின் உடல்களிலிருந்து எடுக்கப்பட்ட பதிவுகளும் சேர்ந்து வளர்த்த அறிவு இது. இன்று சந்தையில் அதற்கு விலைச்சீட்டு ஒட்டுபவர்கள் இந்த வரலாற்றைச் சொல்வதில்லை.

பன்னிரண்டும் இரண்டும்

மருத்துவமனையில் எடுக்கப்படும் முழு இசிஜியில் கை, கால்களில் நான்கு, மார்பில் ஆறு எனப் பத்து மின்முனைகள் பொருத்தப்படும். அவற்றிலிருந்து பன்னிரண்டு 'லீட்'கள், அதாவது பன்னிரண்டு கோணங்களில் இதயத்தின் மின்னியக்கம் பதிவாகும். ஒரு வீட்டின் உட்புறத்தைப் பன்னிரண்டு சன்னல்கள் வழியே எட்டிப் பார்ப்பது போன்றது இது. எளிமைப்படுத்தப்பட்ட கருவிகள் இந்தச் சன்னல்களைக் குறைக்கின்றன. சில கருவிகளில் ஆறு. சிலவற்றில் ஒன்றே ஒன்று. ஆடை களைய வேண்டியதில்லை, படுக்க வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற செவிலியர் தேவையில்லை, செலவும் குறைவு.

சன்னல்களைக் குறைத்தால் என்ன இழப்பு? கை, கால் மின்முனைகளிலிருந்து கிடைக்கும் ஆறு கோணங்களில் இரண்டு தெரிந்தால் மற்ற நான்கையும் எளிய கணக்கில் பெற்றுவிடலாம். எய்ந்தோவன் வகுத்த விதியே அதற்கு அடிப்படை. ஆனால் மார்பில் வைக்கப்படும் ஆறு மின்முனைகள் காட்டுவதை அப்படிக் கணக்கிட்டுப் பெற முடியாது. இதயத்தின் முன்சுவருக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளம் அடைபட்டால் அதன் அடையாளம் முதன்மையாக மார்புப் பதிவுகளில்தான் தெரியும். கைவிரல் பதிவு அதைக் கோட்டைவிடக்கூடும்.

இதிலிருந்து ஒரு தெளிவான கோடு கிழிக்க முடியும். இதயம் எந்தத் தாளத்தில் துடிக்கிறது, சீராகத் துடிக்கிறதா, மிக வேகமா, மிக மெதுவா என்பவற்றை அறிய ஒன்றிரண்டு கோணங்கள் பெரும்பாலும் போதும். இதயத் தசையின் எந்தப் பகுதி இரத்தமின்றித் துடிக்கிறது என்பதை அறிய பன்னிரண்டும் வேண்டும். உலகப் புகழ்பெற்ற கைக்கடிகாரம் ஒன்று இசிஜி எடுக்கிறது. அதைத் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே, அக்கருவி மாரடைப்பைக் கண்டறியாது என்று பயனாளர்களுக்கு எச்சரிக்கை தருகிறது.

2021இல் ஃபிசியோநெட் நடத்திய பன்னாட்டு ஆய்வுப் போட்டியின் தலைப்பே 'இரண்டு போதுமா?' என்பதுதான். பன்னிரண்டு, ஆறு, நான்கு, மூன்று, இரண்டு கோணப் பதிவுகளைக் கொண்டு இருபதுக்கும் மேற்பட்ட இதயக் கோளாறுகளை இயந்திரம் அடையாளம் காண வேண்டும். பயிற்சிக்கு 88 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் பொதுவெளியில் வைக்கப்பட்டன. பட்டியலிடப்பட்ட கோளாறுகளைப் பொறுத்தவரை, கோணங்களைக் குறைத்தாலும் முன்னணிக் குழுக்களின் மதிப்பெண் பெரிதாகச் சரியவில்லை. இது உண்மையான அறிவியல் முன்னேற்றம், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை தாளக் கோளாறுகளும் மின்கடத்தல் கோளாறுகளுமே. போட்டியில் தேறிய இரண்டு கோணங்கள், நெஞ்சுவலியோடு வரும் தொழிலாளிக்கும் போதும் என்று எவரும் நிறுவிவிடவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டின் போட்டி இன்னொரு பாடத்தையும் தந்தது. பயிற்சி பெற்ற மருத்துவமனைகளின் பதிவுகளில் நன்றாகத் தேறிய இயந்திரங்கள், அதுவரை பார்த்திராத வேறொரு மருத்துவமனையின் பதிவுகளைக் கொடுத்தபோது தடுமாறின. பொதுவெளியில் வைக்கப்பட்ட அந்தப் பயிற்சிப் பதிவுகள் சீனா, ரஷ்யா, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவை. இந்திய இதயம் அவற்றில் இல்லை.

'இயல்பானது' என்ற சொல்லின் ஆபத்து

நெஞ்சில் பாரமும் வியர்வையுமாக ஒருவர் கருவியில் விரல் வைக்கிறார். திரையில் 'இயல்பானது' என்று வருகிறது. அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். மாரடைப்பின் தொடக்கத்தில் முழு இசிஜியேகூட இயல்பாகத் தோன்றலாம். அதனால்தான் மருத்துவமனைகளில் இடைவெளி விட்டு மீண்டும் எடுக்கிறார்கள். ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். அரைகுறைப் பதிவின் மீது இயந்திரம் ஏற்றும் 'இயல்பானது' என்ற முத்திரை, அறியாமையைவிடக் கொடியது. அறியாதவர் பயந்தாவது மருத்துவமனைக்கு ஓடுவார். முத்திரை பெற்றவர் ஓடமாட்டார்.

மறுபக்கமும் உண்டு. பத்தாயிரம் பேரைச் சோதிப்பதாகவும், அவர்களில் நூறு பேருக்கு நோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டுபிடித்து, நோயற்றவர்களில் ஒரே ஒரு சதவீதத்தினரை மட்டும் தவறாகக் குறிக்கும் மிக நல்ல இயந்திரம் என்றும் வைத்துக்கொள்வோம். அது 90 நோயாளிகளைப் பிடிக்கும். கூடவே நோயற்ற 9,900 பேரில் 99 பேரையும் நோயாளிகள் என்று சொல்லும். எச்சரிக்கை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நலமானவர்கள்! அந்த 189 பேரும் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி, பேருந்துக் கட்டணம், எக்கோ பரிசோதனை, மருத்துவர் கட்டணம், பல இரவுகளின் தூக்கம். அரசு மருத்துவமனையில் இவை இலவசமாகக் கிடைத்தால் பரிசோதனை மக்களுக்கு நன்மை. கிடைக்காவிட்டால் அது தனியார் மருத்துவமனைக்கு வாடிக்கையாளர் திரட்டும் வேலை.

ஏழையைக் கொல்வது எது?

இந்தியாவில் மாரடைப்பு குறித்து நடத்தப்பட்ட பெரும் ஆய்வுகளில் ஒன்று 'கிரியேட்' பதிவேடு. 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 20,937 நோயாளிகளை அது ஆராய்ந்தது. முடிவுகள் 2008இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் பணக்காரர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். ஆஞ்சியோபிளாஸ்டி போன்ற அடைப்பு நீக்கச் சிகிச்சை பணக்காரர்களில் 15.3 சதவீதத்தினருக்குக் கிடைத்தது. ஏழைகளில் 2 சதவீதத்தினருக்கே கிடைத்தது. கொழுப்பைக் குறைக்கும் சாதாரண மாத்திரையில்கூட இதே பாகுபாடு: அங்கே 61.2, இங்கே 36 சதவீதம்.

இந்த ஆய்வின் முக்கியமான வரி வேறொன்று. பெற்ற சிகிச்சையில் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு சரிசெய்து பார்த்தபோது, ஏழைகளின் கூடுதல் மரண விகிதம் மறைந்துபோயிற்று. ஏழையின் இதயம் பலவீனமானது என்பதால் அவர் அதிகமாகச் சாகவில்லை. சிகிச்சை மறுக்கப்பட்டதால் செத்தார். இவர்கள் அனைவரும் மருத்துவமனை வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நோய் இன்னதென்று கண்டறியப்பட்ட பின்னரே இந்தப் பாகுபாடு அரங்கேறியது. எந்தச் செயற்கை நுண்ணறிவும் இதைத் தீர்க்காது. ஏனெனில் இது நோய் கண்டறிவதில் நேர்ந்த பிழையல்ல.

அதே ஆய்வில், வலி தொடங்கி மருத்துவமனையை அடையும் வரையிலான இடைநிலைக் காலம் 360 நிமிடங்கள். ஆறு மணி நேரம்! இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி 12 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். முதல் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் முழுப் பலன். சாலை, வாகனம், அருகில் ஒரு மருத்துவமனை, கையில் காசு ஆகியவற்றின் பற்றாக்குறையே இந்த ஆறு மணி நேரமாகத் திரண்டிருக்கிறது.

வலைப்பின்னல்தான் உயிர் காக்கிறது

கருவியால் பயனே இல்லையா? உண்டு. அது எங்கே பொருத்தப்படுகிறது என்பதில் இருக்கிறது பயன்.

தமிழ்நாட்டில் நடைபெற்ற மாரடைப்புச் சிகிச்சைத் திட்டம் ஒன்று இதைக் காட்டியது. சிறு மருத்துவமனைகளிலும் ஆம்புலன்சிலும் எடுக்கப்பட்ட இசிஜி, கம்பியில்லாத் தொடர்பு வழியே பெரிய மருத்துவமனையின் நிபுணருக்குச் சென்றது. ஊசியை உடனே எங்கே போடுவது, நோயாளியை எங்கே அனுப்புவது என்று அவர் வழிகாட்டினார். 2,420 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஒப்பீட்டில், ஓராண்டுக்குள் நிகழ்ந்த இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. 2017இல் வெளியான இந்த ஆய்வில் உயிர்களைக் காத்தது இசிஜி பெட்டி மட்டுமல்ல. பெட்டியையும் ஊசியையும் ஆம்புலன்சையும் நிபுணரையும் ஒரே கயிற்றில் கோத்த ஏற்பாடு. கர்நாடக அரசு 2023இல், மாரடைப்பால் 46 வயதில் மறைந்த நடிகர் புனித் ராஜ்குமாரின் பெயரில் தொடங்கிய இதய ஜோதித் திட்டமும் இதே வழியைப் பின்பற்றுகிறது. தாலுகா மருத்துவமனையில் எடுக்கப்படும் இசிஜி செயற்கை நுண்ணறிவின் துணையோடு படிக்கப்படுகிறது. விலையுயர்ந்த ஊசி அங்கேயே இலவசமாகப் போடப்படுகிறது.

பிரேசில் தரும் பாடம் இன்னும் ஆழமானது. மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் பொதுப் பல்கலைக்கழகங்கள் 2005 முதல் அரசு நிதியில் ஒரு தொலைமருத்துவ வலையமைப்பை நடத்திவருகின்றன. சிற்றூர்களின் பொதுச் சுகாதார நிலையங்களில் எடுக்கப்படும் பன்னிரண்டு கோண இசிஜிகளை அதன் மருத்துவர்கள் படித்து அறிக்கை அனுப்புகிறார்கள். 811 நகராட்சிகளிலிருந்து இவ்வாறு திரண்ட இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு, ஆறு வகைக் கோளாறுகளைக் கண்டறியும் இயந்திரத்தை அங்கேயே பயிற்றுவித்தார்கள். 2020இல் வெளியான முடிவுகளின்படி, பயிற்சி மருத்துவர்களைவிட அது சிறப்பாகச் செயல்பட்டது. அவர்கள் தங்கள் தரவின் ஒரு பகுதியைப் பொதுவெளியில் வைத்தும் இருக்கிறார்கள். முதலில் வலையமைப்பு வந்தது, அதிலிருந்து தரவு, தரவிலிருந்து இயந்திரம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் இயந்திரத்தை வாங்கிவிட்டு வலையமைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே இங்கு விற்கப்படும் கனவு.

கண்டுபிடித்த பிறகு?

'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனப்படும் மேலறைத் துடிப்புக் குழப்பத்தை ஒற்றைக் கோணக் கருவியும் நன்றாகவே கண்டுபிடிக்கும். பணக்கார நாடுகளில் அது பெரும்பாலும் முதியோரின் நோய். இந்தியாவிலோ, சிறுவயதில் தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைந்த இளம்பெண்களையும் அது தாக்குகிறது. நெரிசலான குடியிருப்பும் வறுமையும் வளர்க்கும் நோய் இது. காலத்தோடு போடப்படும் பென்சிலின் ஊசியால் தடுத்திருக்கக்கூடியது.

கருவி அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் துடிப்புக் குழப்பத்தைக் கண்டுபிடிக்கிறது என்று கொள்வோம். வால்வு பழுதை உறுதிசெய்ய எக்கோ வேண்டும். மூளையில் இரத்தக்கட்டி அடைத்துப் பக்கவாதம் வராமல் தடுக்க இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து வேண்டும். இத்தகைய வால்வு நோயாளிகளுக்குப் புதிய மருந்தைவிட, வார்ஃபரின் வகையைச் சேர்ந்த பழைய மருந்தே மேலானது என்று 24 நாடுகளில் நடந்த ஆய்வு 2022இல் காட்டியது. வார்ஃபரின் மலிவானது. ஆனால் அளவு கூடினால் இரத்தக்கசிவு, குறைந்தால் பக்கவாதம். ஆகவே ஏறத்தாழ மாதந்தோறும் இரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்து மாத்திரையின் அளவை மாற்ற வேண்டும். அந்தச் சோதனை எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் உண்டு? ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. ஆண்டுக்கணக்கில் தொடரும் புறநோயாளிச் செலவு அதில் அடங்காது. கண்டுபிடித்துவிட்டுக் கைவிடுவதற்குப் பெயர் சிகிச்சை அல்ல.

ஊரக சமுதாய சுகாதார நிலையங்களில் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பற்றாக்குறை என்று ஒன்றிய அரசின் 2021-22 ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரமே ஒப்புக்கொண்டது. பொதுச் சுகாதாரச் செலவை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. கொரோனா காலச் செலவையும் சேர்த்து 2021-22இல் எட்டப்பட்டது 1.84 சதவீதம். அதே ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சட்டைப்பையிலிருந்து போனது. இந்தப் பள்ளத்தைக் கைபேசிச் செயலியால் மூட முடியாது.

யாருடைய இதயம், யாருடைய தரவு?

ஒவ்வொரு இசிஜி பதிவும் இயந்திரத்துக்குப் பாடப்புத்தகம். அரசு மருத்துவமனையில் செவிலியர் எடுத்து, மருத்துவர் படித்து, நோயாளியின் பின்விளைவோடு சேர்த்து வைக்கப்படும் பதிவுகளே மிக மதிப்பு வாய்ந்தவை. இலவசக் கருவி தருகிறோம், பதிவுகள் எங்கள் சேமிப்பகத்துக்கு வரட்டும் என்று ஒரு நிறுவனம் அரசோடு ஒப்பந்தம் போட்டால், அங்கே கைமாறுவது கருவியைவிடப் பல மடங்கு விலை பெற்ற சொத்து. அந்தப் பதிவுகளில் பயின்ற இயந்திரம் நாளை அதே அரசுக்கு ஆண்டுச் சந்தாவில் விற்கப்படும். நிலத்தையும் கனிமத்தையும் காட்டையும் வளைத்த மூலதனம் இப்போது துடிப்பையும் வளைக்கிறது.

2023இல் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்காது. அது தனிநபரை அடையாளம் காட்டும் தரவைப் பற்றியது. பெயரை நீக்கிவிட்டு லட்சக்கணக்கான பதிவுகளைக் கூட்டாகப் பயன்படுத்துவதில் மக்களுக்கு உள்ள கூட்டு உரிமை குறித்து அதில் எதுவும் இல்லை. அரசு அமைப்புகளுக்கோ பரந்த விலக்குகள் உண்டு. செயற்கை நுண்ணறிவு குறித்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்டவை நெறிமுறை வழிகாட்டுதல்கள் மட்டுமே. பாதிக்கப்பட்டவர் அவற்றைக் கையில் ஏந்தி இழப்பீடு கேட்க முடியாது.

எளிமை என்ற பெயரில் கோணங்களைக் குறைப்பதும் தவிர்க்க முடியாத விதியல்ல. பாபா அணு ஆராய்ச்சி மையம், கையடக்க அளவில் பன்னிரண்டு கோணங்களையும் பதிந்து கைபேசி வழியே அனுப்பும் கருவியை வடிவமைத்திருக்கிறது. நாட்டின் பொதுத்துறை ஆய்வகம் முழுமையைச் சுருக்காமல் அளவைச் சுருக்கிக் காட்டியிருக்கிறது. அப்படியிருக்க, நகரத்தின் பணக்காரருக்குப் பன்னிரண்டு கோணமும் நிபுணரும், பழங்குடிக் கிராமத்துக்கு ஒற்றைக் கோணமும் செயலியும் என்ற இரட்டை நீதியை ஏன் ஏற்க வேண்டும்?

ஆஷா ஊழியரின் தோளில்

இந்தக் கருவிகளை வீடு வீடாகக் கொண்டுபோகப் போவது யார்? நாடெங்கும் உள்ள ஏறத்தாழ பத்து லட்சம் ஆஷா ஊழியர்கள்தான். முப்பது வயது கடந்தோரின் நோய் அபாயப் படிவங்களை ஏற்கெனவே அவர்களே நிரப்புகிறார்கள். 2005இல் இத்திட்டம் தொடங்கிய நாள் முதல் அவர்கள் 'தன்னார்வலர்'கள். ஊதியம் கிடையாது, ஊக்கத்தொகை மட்டும். அவர்களையும் அவர்களைப் போன்ற திட்ட ஊழியர்களையும் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்றும் தூசி படிந்து கிடக்கிறது.

இயந்திரம் 'இயல்பானது' என்று சொல்லி, அன்றிரவே அந்த வீட்டில் மரணம் நிகழ்ந்தால் ஊர் யாரிடம் கேட்கும்? மென்பொருளை எழுதியவரிடம் அல்ல. கருவியைக் கையில் வைத்திருந்த பெண்ணிடம். லாபம் நிறுவனத்துக்கு, பழி ஊழியருக்கு என்ற ஏற்பாட்டை எதிர்ப்பது தொழிற்சங்கத்தின் கடமை.

எதைக் கோர வேண்டும்?

ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதோ ஒன்று இருப்பது நல்லதுதானே என்ற வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இன்றிரவு நெஞ்சுவலி வந்தவருக்குச் சமூக மாற்றம் வரும்வரை காத்திருக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் 'ஏதோ ஒன்று' என்பது முதல் படியாக இருக்க வேண்டும். அதுவே கடைசிப் படியாகிவிடக் கூடாது. அரசை நடக்கவைத்தால் அது முதல் படி. அரசு உட்கார்ந்துகொள்ள இடம் கொடுத்தால் அது கடைசிப் படி.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பன்னிரண்டு கோண இசிஜி கருவியும், அதை எடுக்கப் பயிற்சி பெற்ற நிரந்தர ஊழியரும் வேண்டும். ஒற்றைக் கோணக் கருவிகளைத் துடிப்புக் குழப்பத்தைத் தேடும் பணிக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு அவற்றைக் கொண்டு 'இயல்பானது' என்று சொல்லத் தடை வேண்டும். அரசு வாங்கும் எந்த இயந்திரமும் இந்திய நோயாளிகளிடம், பெண்களையும் ஏழைகளையும் உள்ளடக்கி, சுயேச்சையான பொது நிறுவனத்தால் சோதிக்கப்பட்டு, முடிவு வெளியிடப்பட வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி தாலுகா மருத்துவமனை வரை இலவசமாக இருப்பில் இருக்க வேண்டும்; வார்ஃபரினும் அதற்கான இரத்தச் சோதனையும் ஊருக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். அரசு மருத்துவமனைப் பதிவுகள் பொதுச் சொத்தாகப் பாதுகாக்கப்பட்டு, அவற்றில் பயின்ற இயந்திரமும் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். ஆஷா ஊழியர்கள் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்பட்டு, இயந்திரத்தின் பிழைக்கு அவர்கள் பொறுப்பாக்கப்படாமல் சட்டப் பாதுகாப்பு பெற வேண்டும்.

இவை நடக்காத கனவுகள் அல்ல. லட்சம் ரூபாயைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டுகளுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. சந்தை அழிந்துபோய்விடும் என்று கூக்குரலிட்டவர்கள் இன்றும் ஸ்டென்ட் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மக்களின் நிர்ப்பந்தம் இருந்தால் அரசால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

உள்ளூர்க் கிளைகள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, அங்கே இசிஜி கருவி இருக்கிறதா, இயங்குகிறதா, எடுக்க ஆள் உண்டா, பதிவைப் பார்க்க நிபுணர் தொடர்பு உண்டா, ஊசி எத்தனை கிலோமீட்டர் தொலைவில் கிடைக்கும் என்ற ஐந்து கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அந்த விடைகளை ஊர்க்கூட்டத்திலும் கிராம சபையிலும் படித்துக்காட்டலாம். எந்த இயந்திரமும் எடுத்துத் தராத இசிஜி அது: பொதுச் சுகாதாரத்தின் துடிப்பு எங்கே தளர்ந்திருக்கிறது என்பதை ஊர் மக்கள் தாங்களே படித்துக்கொள்வதற்கானது.